பள்ளம் குளமாச்சு, நண்டு எங்க போச்சு

எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல கொஞ்ச நாளா ஒரே சண்டை, கொசு. கோத்தகிரி பக்கம் இந்த உயரத்துல கொசுன்னா என்னன்னே பெருசா தெரியாம வளர்ந்த ஆளுங்க நாங்க, மேட்டுப்பாளையம் இறங்கினாத்தான் கொசுவத்தி ஞாபகமே வரும், இப்போ என்னடான்னா சாயங்காலம் ஆறரை ஆனா டியூப்லைட்டை சுத்தி மொய்க்குது, டீக்கடை பால் சட்டியில விழுது, காலையில பாத்தா திண்ணை ஃபுல்லா செத்துக் கெடக்குது, தொடப்பம் எடுத்து கூட்டி அள்ள வேண்டியிருக்கு. எல்லாரும் கை காட்டுறது கீழ இருக்கற புதுக் குளத்தைத்தான். குளம் வெட்டினப்புறம்தான் இந்தக் கொசுன்றாங்க. அதுல பாதி உண்மை. குளத்துலருந்துதான் வருது, ஆனா கொசு இல்ல.

நம்பிக்கை இல்லன்னா திண்ணையில கெடக்கறதுல ஒண்ணை எடுத்து வெள்ளைப் பேப்பர்ல வச்சு மொபைல்ல ஜூம் பண்ணிப் பாருங்க. கொசுவுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கற ஊசி இதுக்கு இருக்காது. ஆண் பூச்சின்னா தலையில ரெண்டு பக்கமும் பொசுபொசுன்னு மீசை. உயிரோட சுவத்துல உக்காந்திருக்கறப்போ முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வச்சுக்கும், கொசு தூக்குறது பின்னங்காலை. இதுக்கு மிட்ஜ்னு பேரு, படிச்சவங்க கைரோனோமிட்னு சொல்லுவாங்க, கடிக்காது, ரத்தம் குடிக்காது, றெக்கை முளைச்சதுக்கப்புறம் சில நாள்தான் ஆயுசு, அதுக்குள்ள ஜோடி சேந்து தண்ணில முட்டை போட்டுட்டு லைட்டுக்கு வந்து செத்துடும்.

நான் பூச்சியியல் படிச்சவன்லாம் கிடையாது, பச்சை டீ பறிச்சு ஃபேக்டரிக்கு போடுற சின்ன விவசாயி, தட்டான் போட்டோ எடுக்கற கிறுக்குல ஆரம்பிச்சது, அப்புறம் தட்டானோட குஞ்சு தண்ணிக்குள்ளதான் இருக்குன்னு தெரிஞ்சதும் தண்ணிக்குள்ள தேட ஆரம்பிச்சேன், இப்போ டீ வடிகட்டியும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவும் வண்டி சீட்டுக்கு அடியில எப்பவும் இருக்கும்.

குளத்து ஓரமா ஒரு பிடி சேறு எடுத்து வடிகட்டியில போட்டு அலசினேன், சேறு கரைஞ்சு போனதும் அடியில நூல் நூலா செக்கச்செவேல்னு புழு, ஒவ்வொண்ணும் எட்டு போட்டு நெளியுது. மீன் தொட்டி வச்சிருக்கறவங்களுக்கு தெரியும், பிளட்வேர்ம்னு பாக்கெட்ல விக்கறது இதேதான். இதுக்கு நம்மள மாதிரியே ஹீமோகுளோபின் இருக்கு, பூச்சி இனத்துல அது அபூர்வம், அதனாலதான் ஆக்சிஜன் ரொம்பக் கம்மியான அடிச்சேத்துலயும் தாக்குப் பிடிக்குது, சேத்தை ஒட்டி ஒட்டி ஒரு குழாய் கட்டி அதுக்குள்ள உக்காந்துக்குது. புதுசா தோண்டின குளம், அடியில மக்கின இலை தழை, மேல பாசி, புடிச்சுத் திங்கற எதிரி இன்னும் போதுமான அளவு வந்து சேரல. இதுக்கு மேல அதுக்கு என்ன வேணும் சொல்லுங்க.

சரி, இது குளம் ஆகறதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு சொல்லணும். ரெண்டு டீ சரிவுக்கு நடுவுல ஒரு சதுப்புப் பள்ளம். தண்ணின்னு கண்ணுக்கு தெரியாது, கோரையும் புல்லுமா இருக்கும், நடுவுல கை அகலத்துக்கு ஒரு ஓடை ஒளிஞ்சு ஓடும், கால் வச்சா முழங்கால் வரை கறுப்புச் சேறு. அந்தக் கறுப்புச் சேறு சாதாரண சேறு இல்ல, குளிர்ல முழுசா மக்காம அடுக்கடுக்கா சேர்ந்த புல்லும் வேரும், பீட்னு சொல்றது. நீலகிரிப் பள்ளங்கள்ல இருக்கற பீட்டை எடுத்து ஆராஞ்சு கடந்த 20,000 வருஷத்துல எப்போ மழை அதிகம் எப்போ வறட்சின்னு 1993ல நேச்சர் பத்திரிகையில எழுதினாங்க, யானை ஆராய்ச்சிக்கு பேர் போன ரா. சுகுமார் அந்தக் குழுவுல ஒருத்தர். ஒரு பக்கம் அப்படி. இன்னொரு பக்கம் நாங்க அதை பொக்லைன் வச்சு ஒரே வாரத்துல அள்ளி டிராக்டர்ல ஏத்தி கேரட் தோட்டத்துக்கு கொட்டிட்டோம், நல்ல உரம்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

வேலை பண்ணவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளம் செத்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஓரம் பூரா சீகை மரம், வாட்டில்னு சொல்றது, அது உறிஞ்சற தண்ணி போதாதுன்னு கீழ் பக்கம் மோட்டார் வச்சு கேரட்டுக்கு இழுத்தாங்க, ஒரு பகுதியில பாத்தி கட்டி உருளையே போட்டாங்க. சீகையை வெட்டி, மோட்டாரை எடுத்து, ஆழப்படுத்தி, கீழ ஒரு கரை போட்டு தண்ணி நிறுத்தினதுல கோடையில கிணறு வத்தல, அது உண்மை. முக்குளிப்பான் ஜோடி வந்து கூடு கட்டுச்சு, காட்டெருமை வந்து தண்ணி குடிக்குது, போட்டோ அழகா வருது. சந்தோஷம்தான். எனக்கு இருக்கற வருத்தம் என்னன்னா, தண்ணி எவ்ளோ நிக்குதுன்றதை மட்டுமே பாத்தோம், சேத்துக்குள்ள என்ன இருக்குன்னு வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட யாரும் கணக்கெடுக்கல.

எங்க அப்பாயிதான் மொதல்ல கேட்டுச்சு. சிலோன்லருந்து கப்பல்ல வந்து இந்த லைன் வீட்டுல குடியேறின காலத்துலருந்து சளி புடிச்சா அந்தப் பள்ளத்துல நண்டு புடிச்சு இடிச்சு ரசம் வச்சுக் குடுக்கும். அதைக் கூட்டிட்டுப் போயி குளத்தைக் காட்டினேன், கரையில நின்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "தண்ணி கெடக்கட்டும், நண்டு வளை ஒண்ணையும் காணமேடா" அப்படின்னுச்சு.

அந்தக் கேள்விக்குள்ள பெரிய சங்கதி இருக்கு. கடல் நண்டு முட்டை பொரிச்சா குஞ்சு தண்ணியில மெதந்து எங்கேயோ போகும். மலை நண்டு அப்படி இல்ல, முட்டைக்குள்ளயே முழு நண்டா ஆயிட்டுதான் வெளிய வரும், வந்தும் கொஞ்ச நாள் தாயோட வயித்து மடிப்புக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதாவது ஒரு பள்ளத்து நண்டு பக்கத்துப் பள்ளத்துக்கு போகணும்னா நடந்துதான் போகணும், நடுவுல டீ தோட்டம், தார் ரோடு, கால்வாய். ஒரு பள்ளத்துல துடைச்சு எடுத்தாச்சுன்னா திரும்ப வர்றது அவ்ளோ சுலபமில்ல. நத்தை, அட்டை எல்லாத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான், பறவை கால்ல ஒட்டிக்கிட்டு வந்தா உண்டு.

பறக்கத் தெரிஞ்சதுங்க மட்டும் உடனே வந்துடும். தண்ணி நின்ன கொஞ்ச நாள்லயே மல்லாக்க நீந்துற பூச்சி வந்துச்சு, துடுப்புக்கால் பூச்சி வந்துச்சு, நீர்வண்டு வந்துச்சு, மழை சீசன்ல கூட்டமா வானத்துல சுத்துமே அந்த மஞ்சத் தட்டான், பாண்டலா, அது வந்து முட்டை போட்டுச்சு. புதுசா லேஅவுட் போட்ட எடத்துல மொதல்ல டீக்கடையும் ரீசார்ஜ் கடையும்தான் வரும், லைப்ரரி வர எத்தனையோ வருஷம் ஆகும், அந்தக் கணக்குதான். பாண்டலா இந்தியப் பெருங்கடலையே தாண்டி ஆப்பிரிக்காவுக்கு போற பூச்சி, மழைத் தண்ணி தேங்கின குட்டை போதும், ரெண்டு மாசத்துக்குள்ள குஞ்சு வளந்து றெக்கை முளைச்சுக் கெளம்பிடும். அதைப் போட்டோ எடுத்து "தட்டான் வந்துடுச்சு, இயற்கை திரும்பிடுச்சு"ன்னு போஸ்ட் போட்டாங்க, நானும் லைக் போட்டேன், ஆனா அது கோயம்புத்தூர்ல மொட்டைமாடி தொட்டிக்கும்தான் வருது. தலையை எண்ணினா முன்ன இருந்ததைவிட இப்போ பூச்சி அதிகம்தான், என்னென்ன வகைன்னு பாத்தா எந்த ஊர் குளத்துலயும் இருக்கறதுதான் இங்கயும் இருக்கு.

முன்னாடி அந்த ஒளிஞ்சு ஓடுற ஓடையில இருந்ததுங்களைச் சொல்றேன். கேடிஸ்ஃபிளைன்னு ஒரு பூச்சி, அதோட புழு பொடி மணலா பொறுக்கி எடுத்து வாயிலருந்து வர்ற பட்டு நூல்ல ஒட்டி தனக்கு ஒரு கூடு கட்டிக்கும், அரை அங்குலம் கூட இருக்காது, டப்பாவுல போட்டா ஒரு குச்சித் துண்டு தானா நடந்து போற மாதிரி தெரியும், கொஞ்சம் பொறுமையா இருந்தா முன்பக்கம் தலையும் ஆறு காலும் எட்டிப் பாக்கும். வெளிச்சத்துல ஒவ்வொரு மணலும் தனித்தனியா மின்னும், கொத்தனார் கூட அவ்ளோ நெருக்கமா கல்லு பொருத்த மாட்டாரு. கல்லுக்கு அடியில மேஃபிளை குஞ்சு, வால்ல மூணு நூலோட. இதுங்களுக்கெல்லாம் ஓடுற குளிர்ந்த தண்ணி வேணும், குளிர்ந்த தண்ணியிலதான் ஆக்சிஜன் அதிகமா கரையும். இப்போ அதே ஓடை குளத்துல தேங்கி, வெயில்ல சூடாகி, மேல்தண்ணி மட்டும் கலங்கல் வழியா வழிஞ்சு கீழ போகுது. அதனால குளத்துல மட்டும் இல்ல, குளத்துக்கு கீழ இருக்கற ஓடையிலயும் கல்லைப் பொரட்டினா மிட்ஜ் புழுதான் வருது. இதை யாரும் நினைச்சே பாத்திருக்க மாட்டாங்க, வேலை நடந்தது மேல, பாதிப்பு கீழயும்.

தண்ணி பச்சையா இருக்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. உருளை போட்ட அந்தப் பாத்தியில வருஷக்கணக்கா போட்ட உரத்தோட பாஸ்பரஸ் மண்ணுல இரும்போட சேந்து கெட்டியா புடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, நம்ம மலை மண்ணுல இரும்புக்கு பஞ்சமா. அது மேல தண்ணி நிக்க விட்டா அடியில ஆக்சிஜன் தீந்து போகும், அப்போ இரும்பு கரைஞ்சு புடியை விட்டுடும், பாஸ்பரஸ் தண்ணிக்கு வந்துடும், பாசிக்கு விருந்து. ஐரோப்பாவுல பழைய விவசாய நெலத்தை திரும்ப சதுப்பாக்கறப்போ இதே தலைவலி, அதுக்காக மேல்மண்ணை சீவி எடுத்துட்டு தண்ணி விடற வழக்கமும் இருக்கு, ஆனா சீவினா அதோட மண்ணுல தூங்கற விதையும் முட்டையும் போயிடும். இந்த முட்டை விஷயம் சின்னது இல்ல. டாஃப்னியான்னு குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஜீவன், பாசியை வடிகட்டித் திங்கும், காலம் சரியில்லன்னா கெட்டி ஓடு போட்ட முட்டையை விட்டுட்டுப் போகும், அது அடிச்சேத்துல பல வருஷம், சில எடத்துல பல பத்து வருஷம் கழிச்சும் பொரிஞ்சிருக்கு. அதாவது தண்ணியை சுத்தம் பண்ற ஆளுங்களோட அடுத்த தலைமுறை அந்தச் சேத்துலதான் இருந்திருக்கும். சேறு இப்போ கேரட் தோட்டத்துல.

அப்புறம் கரை. செங்குத்தா வெட்டி வச்சிருக்காங்க, ஒரு அடி தாண்டினா ஆள் ஆழம். தட்டான் குஞ்சு றெக்கை முளைக்கற அன்னிக்கு தண்ணிய விட்டு வெளிய வந்து ஒரு தண்டைப் புடிச்சு ஏறி முதுகு வெடிச்சு வெளிய வரணும், கோரையில அந்தக் காலி ஓடு நகத்தோட அப்படியே தொங்கிட்டிருக்கும், பழைய பள்ளத்துல காலை நேரத்துல பாத்தா ஒரே தண்டுல ரெண்டு மூணு கூட இருக்கும். ஆழமில்லாத ஓரம் இருந்தாத்தான் கோரை நிக்கும். நாம ஓரத்தையே இல்லாம பண்ணிட்டோம். அழகுக்குன்னு கீழ்நாட்டு நர்சரியிலருந்து அல்லித் தொட்டி வாங்கி வந்து இறக்கினாங்க, அந்த வேர்ல வந்த நத்தைதான் இப்போ கரை பூரா, ஓடு இடப்பக்கம் திரும்பின சின்ன நத்தை, ஃபைசா, மீன் தொட்டி வியாபாரத்தோட உலகம் சுத்துற ஜாதி. நம்ம நத்தையா வெளிநாட்டு நத்தையான்னு கேட்டா அல்லி வாங்கினவருக்கு கோவம் வருது.

இன்னொண்ணு பக்கத்துத் தோட்டத்துல நடக்குது. கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு ஒரு குட்டை, தண்ணி பாதிதான் இருக்கு, மீதி வெறும் ஷீட். தட்டான் அந்தக் காஞ்ச ஷீட் மேலயும் வாலைத் தட்டித் தட்டி முட்டை போட்டுட்டு இருந்துச்சு. பளபளன்னு கறுப்பா இருக்கற எந்தத் தளமும் வெளிச்சத்தை தண்ணி மாதிரியே ஒரு திசையில அடுக்கித் திருப்பி அனுப்பும், பூச்சி தண்ணியைக் கண்டுபுடிக்கறதே அந்த அடையாளத்துலதான், அதனால ஏமாந்துடும். தார் ரோட்டுல மேஃபிளை முட்டை போடறதை ஹங்கேரி ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, நம்மூர்ல கார் பானெட் மேல தட்டான் வாலைத் தட்டறதை நீங்களே பாத்திருப்பீங்க. கோடையில தண்ணி இல்லாம இருக்கக் கூடாதுன்னு மானியத்துல போட்ட குட்டை, நல்ல நோக்கம்தான்.

நீலகிரியில எந்தத் தட்டான் எங்க இருந்துச்சுன்னு பழைய பதிவு வேணும்னா ஃப்ரேசர்னு ஒரு ராணுவ டாக்டர் 1933லருந்து 1936க்குள்ள மூணு தொகுதி எழுதி வச்சிருக்காரு. அந்த மாதிரி ஒரு கணக்கு இருந்தாத்தான் எதைத் திரும்பக் கொண்டு வரோம்னே சொல்ல முடியும். இல்லன்னா நீலத் தண்ணி தெரிஞ்சா சீரமைப்புன்னு ஆயிடுது. யோசிச்சுப் பாத்தா இது புதுப் பழக்கமும் இல்ல. ஊட்டி ஏரி இயற்கை ஏரியா என்ன, 1820கள்ல கலெக்டர் சல்லிவன் ஓடையை மறிச்சு கட்டினது. கொடைக்கானல் ஏரி 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் கட்டினது, அதுக்கு முன்னாடி அது சதுப்பு. ரெண்டுலயும் படகு விட்டு, மீன் விட்டு, இப்போ அதையே தூர்வாரி 'பழைய நெலைக்கு' கொண்டு வரணும்ன்றாங்க.

கொடைக்கானல்ல தூர்வாரறதுன்னா எனக்கு வேற ஒரு பயமும் உண்டு. 2001ல மூடின தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசம் அந்த ஏரித் தண்ணியிலயும் சேத்துலயும் மீன்லயும் இருந்ததை ஆய்வு பண்ணிப் பதிவு பண்ணியிருக்காங்க. சேத்துல அமுங்கிக் கெடக்கற பாதரசத்தைக் கலக்கி விட்டா, ஆக்சிஜன் இல்லாத எடத்துல பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா மாத்தும், அதை அதே செவப்புப் புழு உள்ள வாங்கிக்கும், புழுவை மீன் திங்கும், பறக்கற மிட்ஜை தகைவிலானும் வௌவாலும் திங்கும். சேறுன்றது அள்ளி லாரியில ஏத்தற சமாச்சாரம் மட்டும் இல்ல.

நம்ம ஊர் கதைக்கு வரேன். கொசுப் புகார் முத்திப் போயி இப்போ குளத்துல கொசுப்புழுவைத் திங்கற கம்பூசியா மீன் விடலாம்னு முடிவு பண்ற நெலமையில இருக்காங்க. தலைவர் அண்ணன் கிட்ட போயி பேசினேன்.

"நீ பூச்சிக்கு வக்காலத்து வாங்கற தம்பி, சாப்பாட்டு தட்டுல விழுதுன்னு பொம்பளைங்க என்னைப் புடிச்சு ஏசறாங்க, அதுக்கு பதில் சொல்லு."

"அண்ணே, அந்த மீனுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும்ணே, மேல்தண்ணியில மேயற ஜாதி. நம்ம புழு அடிச்சேத்துல குழாய்க்குள்ள உக்காந்திருக்கு. மீன் விட்டாலும் தட்டுல விழறது நிக்காது."

கம்பூசியா அமெரிக்காவோட தெக்குப் பக்கத்து மீன், 1928ல மலேரியாவுக்காக இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க. கொசுப்புழுவைத் திங்கும்தான், அதோட டாஃப்னியா, தட்டான் குஞ்சு, தவளை முட்டை, தலைப்பிரட்டை எது கெடைச்சாலும் திங்கும். அந்த மல்லாக்க நீந்துற பூச்சியும் தட்டான் குஞ்சும்தான் கொசுப்புழுவைப் புடிச்சுத் திங்கறதுங்க, அதுங்க இப்பத்தான் வந்து சேர ஆரம்பிச்சிருக்கு, அந்த நேரம் பாத்து மீனை விட்டா காவலுக்கு இருக்கற ஆளைத் தொரத்தின கதைதான். கூட்டத்துல ஒருத்தர் "அப்போ அடியில மேயற கெண்டை விடுவோம்"னாரு. மிரர் கார்ப்பை 1939ல இலங்கையிலருந்து கொண்டு வந்து இதே நீலகிரியில விட்டாங்க, அது புழுவைத் திங்கும், வாயால சேத்தை உழுது செடியெல்லாம் புடுங்கிப் போட்டு தண்ணியை டீ கலர்ல வச்சிருக்கும். குளத்துல ஒரு தடவை மீன் விட்டா திரும்ப எடுக்கறது நடக்காத காரியம். பழைய பள்ளத்துல மீனே இல்ல, அதனாலதான் அத்தனை வகை இருந்துச்சு, இதை அவருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு தொண்டை வத்திடுச்சு.

நான் கேட்டது ரொம்ப சிம்பிள். குளத்தைப் பாத்து இருக்கற ரெண்டு தெருவிளக்கை மஞ்சள் லைட்டா மாத்தி மறைப்பு போடுங்க, வெள்ளை லைட்டுக்குத்தான் மிட்ஜ் அதிகமா வரும். மீன் வேண்டாம், தட்டான் குஞ்சு பெருகட்டும். தென்கரையில மட்டும் மண்ணை சரிச்சு படிப்படியா ஆழம் கம்மி பண்ணிக் குடுங்க, மேல் பள்ளத்துலருந்து கோரை வேரோட கொஞ்சம் சேறும் சேத்து எடுத்துட்டு வந்து வைக்கிறேன், அதுல என்னென்ன இருக்கோ அதுவும் கூட வரும். ஓடையில பாதியைக் குளத்துக்குள்ள விடாம பக்கவாட்டுல பழையபடி ஓட விடுங்க. பொக்லைன் எட்டாத மேல் மூலையில ஒரு துண்டு பழைய சதுப்பு அப்படியே தப்பிச்சிருக்கு, அதை யாரும் தொட வேண்டாம். அப்பாயியை அங்க கூட்டிட்டுப் போனப்போ நண்டு வளை அதுதான் கண்டுபுடிச்சுச்சு, வாசல்ல புதுசா தள்ளின ஈர மண் உருண்டையோட.

விளக்குக்கு சரின்னுட்டாங்க, ஒண்ணு மாத்தியும் ஆச்சு, அந்தப் பக்கத்து வீட்டுல திண்ணை கூட்டற வேலை பாதியாயிடுச்சுன்னு அக்கா சொன்னாங்க. மீனை அடுத்த கோடை வரைக்கும் தள்ளி வச்சிருக்காங்க. ஆனா அடுத்த கட்ட வேலைக்கு வந்திருக்கற எஸ்டிமேட்டுல சுத்திலும் கல் பதிச்சு நடைபாதை போடறதா இருக்கு, தென்கரையும் சேத்து. அதை மட்டும் விட்டுடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன், ஐப்பசி மழை முடிஞ்சதும் வேலை ஆரம்பிப்போம்னு சொல்லியிருக்காங்க.